அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த சத்தம்

தொண்ணூறுகளோட ஆரம்பம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில எங்க ஆபீஸ். ஆபீஸ்னு சொன்னா பெருமையாத்தான் இருக்கும், நேர்ல பார்த்திருந்தா சிரிச்சிருப்பீங்க. ரெண்டு மேசை, வயித்தைப் பிரிச்சுப் போட்ட கம்ப்யூட்டருங்க, கிறீச் கிறீச்னு கத்துற ஒரு ஃபேன். முதலாளி ஒருத்தர், வேலைக்கு நான் ஒருத்தி. அவ்வளவுதான். நான் தினமும் கிள்ளான்ல பஸ் ஏறி, நசுங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவேன்.

முதலாளியை நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசுதான் மூத்தவர்னாலும் என்னைப் "பிள்ளை"ன்னுதான் கூப்பிடுவார். தங்கமான மனுஷன். ஆனா பதட்டம்னா அப்படி ஒரு பதட்டம்! அடுப்புல வச்ச பாலைக்கூட நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற ஆளு. புரோகிராம் எழுதுறதுலயும் அதே கதைதான். ஒவ்வொரு படி முடிஞ்சதும் திரையில "ஓகே"ன்னு ஒரு வரி வரணும், அப்பத்தான் அவருக்கு மூச்சு வரும். எனக்கும் அந்தப் பழக்கத்தை ஒட்ட வச்சுட்டார்.

அந்த வருஷம் எங்களைத் தேடி ஒரு அக்கா வந்தாங்க. பார்வை கிடையாது. டவுன்ல ஒரு பெரிய ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டர். வெள்ளைக் கம்பை மடக்கிப் பைக்குள்ள போட்டுட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "இங்கே காப்பி கிடைக்குமா, இல்லே வெறும் பேச்சுதானா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவங்களைப் பிடிச்சுப் போச்சு.

விஷயம் இதுதான். அவங்க வேலை பார்த்த பழைய டெலிபோன் போர்டுல கால் வந்தா ஒரு சின்னக் குமிழ் மேலே எழும்பும். அக்கா விரலால தடவி எந்த லைன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. இப்ப ஆபீஸ்ல புது போர்டு ஒண்ணுக்கு ஆர்டர் கொடுத்துட்டாங்க. அதுல தடவிப் பார்க்க ஒண்ணுமே இல்லை, எல்லாம் திரையிலதான் எழுத்தா வரும். வாங்கினவங்களுக்கு இப்படி ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருக்காங்கங்கிற நினைப்பே இல்லை. அப்புறம், "ஏதாவது வழி இருந்தா கொண்டுவந்து காட்டுங்க, புது போர்டை உங்களால ஓட்ட முடிஞ்சா இருங்க, இல்லாட்டி உங்களுக்குக் கொடுக்க வேற வேலை இல்லை"ன்னு சொல்லிட்டாங்களாம்.

"வேலை போனா என்னக்கா பண்ணுவீங்க?"ன்னு நான் வாய் தவறிக் கேட்டுட்டேன்.

"கேரி தீவுல தம்பி இருக்கான். கூட்டிட்டுப் போய் நல்லாத்தான் வச்சுக்குவான். மூலையில ஒரு நாற்காலி, வேளைக்கு வேளை சோறு. சோத்துக்குப் பஞ்சம் இல்லை லா. ஆனா அங்கே நான் யாரு? இங்கே நான் ஒரு நாள் வரலைன்னா அந்தக் கட்டடமே ஊமையாயிடும்" அப்படின்னாங்க. அழுகை இல்லை, புலம்பல் இல்லை.

அவங்க காப்பியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அண்ணே சரின்னுட்டார். எப்படிச் செய்யப் போறோம்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

யோசிச்சு வச்ச திட்டம் என்னன்னா, புது போர்டுலேருந்து ஒரு கேபிளை இழுத்து ஒரு கம்ப்யூட்டர்ல சொருகணும். திரையில என்ன எழுத்து வருதோ அதைக் கம்ப்யூட்டர் அக்கா காதுல பேசணும். அதுக்கான வார்த்தைகளை எல்லாம் என் குரல்லயே பதிவு பண்ணினோம். முதல் தடவை போட்டுக் காட்டினதும் அக்கா முகத்தைச் சுளிச்சாங்க. "ஏம்மா, பாசார்ல மீன் விக்கிற மாதிரி கத்துறே? நாள் முழுக்க நான்தானே கேட்கணும்? மெல்ல, காதுக்குள்ள பேசு." கழுதை, திரும்ப முதல்லேருந்து எல்லாத்தையும் பதிவு பண்ணினேன்.

அண்ணே ஒரு கண்டிஷன் வேற போட்டுட்டார். காலையில ஆபீஸ்ல முதல் ஆளா வந்து கதவைத் திறக்கிறது அக்காதான். அதனால சுவிட்சைத் தட்டினா பெட்டி தானாப் பேசணும். திரையில அது கேட்கிறதைப் படிச்சுப் பதில் தட்டுற வேலையெல்லாம் கூடாது. அப்படின்னா, கம்ப்யூட்டர் கண் முழிக்கிற அந்த முதல் நொடியிலேருந்து எல்லாத்தையும் நாங்களே எழுதணும். அந்த முதல் பகுதி என் தலையில விழுந்துச்சு.

இங்கேதான் என் வாழ்க்கையிலேயே பெரிய ஆச்சரியம் ஒண்ணைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, கஷ்டமில்லாம சொல்றேன்.

அப்ப வந்த புது ப்ராசஸர் இருக்கே, அதுக்கு அசுர பலம். எவ்வளவு பெரிய மெமரியையும் ஆளும். ஆனா சுவிட்சைத் தட்டினதும் அந்தப் பலம் எதுவும் அதுக்குத் தெரியாது. தனக்கு முன்னாடி வந்த பழைய சின்ன ப்ராசஸர்தான் நாம்னு நினைச்சுக்கிட்டுத்தான் கண்ணைத் திறக்கும். மெமரியில முதல் ஒரு மெகாபைட்டைத் தாண்டி அதுக்குக் கண்ணு எட்டாது. இது பழைய நிலை. என் குரல் பதிவோ அதைவிடப் பெருசு, அந்த எல்லைக்குள்ள அடங்காது. அதனால ப்ராசஸரைப் பழைய நிலையிலேருந்து புது நிலைக்குக் கொண்டுபோயே ஆகணும். யாரும் தூக்கிக் கொண்டுபோய் விட முடியாது, அது தானாத்தான் கடக்கணும். நாம வழியை மட்டும்தான் எழுதி வைக்கலாம்.

எப்படின்னா, முதல்ல அந்தப் பக்கத்து மெமரி எங்கே எப்படி இருக்குன்னு ஒரு அட்டவணை போட்டுக் கொடுக்கணும். அப்புறம் கீபோர்டு, கடிகாரம்னு யாரும் நடுவுல தொந்தரவு பண்ணாம கதவைச் சாத்திடணும். அப்புறம் ப்ராசஸருக்குள்ள ஒரே ஒரு பிட்டை, பூஜ்யமா இருக்கிறதை ஒண்ணா மாத்தணும். அவ்வளவுதான், அந்த நொடியே ஆள் மாறிடும். மாறின கையோட ஒரே தாவா அந்தப் பக்கத்துக்குத் தாவிடணும். நடுவுல நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது.

இதை மேனுவல்ல படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிஞ்சது. பத்துமலையில காவடி எடுக்கிறவங்க முகம் ஒரு கணத்துல மாறுமே, பார்த்திருக்கீங்களா? அதே ஆள்தான், ஆனா அதே ஆள் இல்லை. ஒரு துண்டு சிலிக்கானுக்குள்ள இப்படி ஒரு கணத்தை யாரோ யோசிச்சு வச்சிருக்காங்களேன்னு அன்னைக்குச் சோறே இறங்கலை.

படிக்கிறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. எழுதி ஓட்டினா? பொட்டுன்னு ஒரு இருட்டு, கம்ப்யூட்டர் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சு, திரையில மெமரியை எண்ண ஆரம்பிச்சிடும். என்ன தப்பு, எங்கே தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. கடக்கிறப்ப ஏதாவது பிசகினா இந்த ப்ராசஸர் புலம்புற ஜாதி இல்லை, எல்லாத்தையும் உதறிட்டு மறுபடி பிறந்துடும். திருத்துவேன், ஓட்டுவேன், மறுபடி பிறக்கும். திருத்துவேன், மறுபடி பிறக்கும். எனக்கு மண்டை காஞ்சு போச்சு. "போடா எருமை"ன்னு அந்தப் பெட்டியை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்!

அட்டவணையில ஒரு முகவரியைத் தப்பா எழுதியிருந்தது நடுவுல கண்ணுல பட்டுச்சு. குதிச்சுக்கிட்டு அதைத் திருத்தினேன். அப்பவும் அதேதான். அண்ணே பின்னாடி வந்து நின்னு, "தாவினதும் ஒரு ஓகே போட்டுப் பாரும் பிள்ளை, போனதோ இல்லையோ எண்டு தெரிய வேணும்"பார். அதெல்லாம் எப்பவோ போட்டாச்சுன்னு கடுகடுப்பேன். அந்த ஓகே ஒரு நாளும் திரையில வரலை. ஓகே வரலை, அப்ப தாவவே இல்லைன்னுதான் ரெண்டு பேரும் முடிவு கட்டிக்கிட்டோம்.

அக்கா வேலை முடிஞ்சு அடிக்கடி வந்து உட்காருவாங்க. நான் கீபோர்டைத் தட்டுற வேகத்தை வச்சே என் மூடைச் சொல்லிடுவாங்க. ஆபீஸ்ல புது போர்டு பெட்டியோட வந்து இறங்கிடுச்சுன்னு ஒரு நாள் வந்து சொன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க, ஆனா காப்பி கேட்கலை. காட்டுறதுக்கு எங்ககிட்ட திரும்பத் திரும்பப் பிறக்கிற ஒரு பெட்டியைத் தவிர ஒண்ணுமே இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம், கிளம்பின அக்காவைக் கீழே கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டேன். எதிர்ப்பக்கம் போய்த்தான் அவங்க வீட்டுக்கு நடக்கணும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா கோவம் வரும், அதனால வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். வேலை விடுற நேரம். லோரி, மோட்டார் சைக்கிள், பஸ் மினின்னு ரோடே கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அக்கா ஓரத்துல நின்னாங்க. தலையை லேசாச் சாய்ச்சாங்க. அந்த இரைச்சல் மொத்தத்தையும் காதுல வாங்கி, எது வருது, எது போகுது, எங்கே ஒரு இடைவெளி விழுதுன்னு பிரிச்சுப் பார்க்கிறாங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. சட்டுன்னு ஒரு கணம், கம்பை நீட்டி இறங்கிட்டாங்க. தயக்கமே இல்லை. கண்ணு ரெண்டும் நல்லா இருக்கிற நான் அந்த ரோட்டைக் கடக்க இருந்த இடத்துலயே பத்துத் தடவை ஆடுவேன். நான் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன்.

அவங்க நட்ட நடு ரோட்டுல இருக்கிறப்ப மேல்மாடி ஜன்னல் திறந்துச்சு. அண்ணே! "தங்கச்சி! நாளைக்குக் காலமை ஒருக்கா வாங்கோ!"

அக்கா நின்னுட்டாங்க. முகம் சத்தம் வந்த பக்கம் மேலே திரும்பிடுச்சு. அந்த ஒரு நொடியில, அதுவரைக்கும் காதுல பிடிச்சு வச்சிருந்த ரோடு கை நழுவிப் போச்சு. வளைவுல ஒரு பஸ் மினி திரும்பி நேரா வந்துச்சு. டயர் தேய்ஞ்சு அலறி, அவங்க புடவை ஓரம் காத்துல பறக்கிற தூரத்துல அந்த பஸ் நின்னுச்சு. டிரைவர் மலாய்ல ஏதேதோ கத்தினான். அக்கா அசையலை. மறுபடி தலையைச் சாய்ச்சாங்க, காதைத் தீட்டினாங்க, கம்பை நீட்டினாங்க, நடந்தாங்க. எதிர்ப்பக்கம் ஏறினதும் அங்கே இருந்த சாக்கடை இரும்பு மூடியைக் கம்பால டங்குனு ஒரு தட்டு தட்டினாங்க. அப்புறம்தான் திரும்பினாங்க.

"யாருய்யா அது, நடு ரோட்டுல போறவளைக் கூப்பிடுறது? அறிவிருக்கா? நான் காதாலதான் ரோட்டைப் பார்க்கிறேன்! நீங்க கூப்பிட்டா நான் ரோட்டை விட்டுட்டு உங்களைப் பார்க்கணும்! போய்ச் சேர்ந்தா நானே சத்தம் கொடுக்கமாட்டேனா?"

தெருவே திரும்பிப் பார்த்துச்சு. அண்ணே படியில தடதடன்னு இறங்கி, செருப்புகூட இல்லாம ஓடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா அவரைத் திட்டித் தீர்த்துட்டு, கடைசியில அவங்களே சிரிச்சுட்டாங்க.

கிள்ளான் பஸ்ல தொங்கிக்கிட்டே போறேன். ஃபெடரல் ஹைவேயில வழக்கமான ஜாம். கண்ணை மூடினா அந்த பஸ் மினி, கண்ணைத் திறந்தா அக்கா குரல். நடு ரோட்டுல போறவளைக் கூப்பிடுறது... நடு ரோட்டுல... ஆயோ! பஸ்ல சத்தமா சொல்லிட்டேன் போல, பக்கத்துல நின்ன ஆன்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

அந்த ஓகே! திரையில எழுதுற வேலையை நான் நேரடியாச் செய்யலை. எல்லா புரோகிராம்லயும் போடுற மாதிரி, கம்ப்யூட்டரோட பிறந்த ஒரு எடுபிடி இருக்கும், பயாஸ்னு சொல்வாங்க, அதைக் கூப்பிட்டு "இதை எழுது"ன்னு சொல்லிடுவேன். அந்த எடுபிடி பழைய பக்கத்து ஆளு. பழைய நிலையில மட்டும்தான் அதோட குரல் எட்டும். ப்ராசஸர் பிட்டை மாத்தி, தாவி, புது மண்ணுல கால் வைக்கிற அதே நொடியில, நான் பின்னாலேருந்து பழைய ஆளைக் கூப்பிடச் சொல்றேன். அது திரும்புது. திரும்பினதும் செத்துப் போய் மறுபடி பிறக்குது. போச்சா இல்லையான்னு கேட்டுக் கேட்டே அதைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்! மேனுவல்லயும் இது இருந்துச்சு, படிச்சுமிருக்கேன். ஆனா அந்த ஓகே வரி கையோட ஊறிப்போன பழக்கம், அதையும் ஒரு வேலைன்னே நான் எண்ணலை.

மறுநாள் காலையில அண்ணே வர்றதுக்கு முன்னாடியே ஆபீஸைத் திறந்து அந்த வரியை எடுத்தேன். எடுத்துட்டா? போய்ச் சேர்ந்துச்சான்னு எப்படித் தெரியும்? போய்ச் சேர்ந்தா அதுவே தட்டட்டும். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கரைத் தட்ட எந்த எடுபிடியும் வேண்டாம், எந்தப் பக்கத்துல நின்னாலும் நேராத் தட்டலாம். தாவி முடிச்சு, அந்தப் பக்கத்துல காலை ஊனினதுக்கு அப்புறம் ஒரே ஒரு பீப். அதை மட்டும் எழுதினேன்.

அண்ணே வந்தார், பின்னாடியே அக்காவும் வந்தாங்க. நான் யாருக்கும் எதையும் சொல்லலை. சுவிட்சைத் தட்டினேன். டிஸ்க் கர்முர்னு அரைச்சுச்சு. நின்னுச்சு. திரை இருட்டு. அண்ணே ஏதோ கேட்க வாயைத் திறந்தார், நான் அவர் கையை இறுக்கிப் பிடிச்சேன்.

பீப்.

கொசு அளவு சத்தம். திரையில ஒண்ணுமே இல்லை. மெமரியை எண்ணலை, மறுபடி பிறக்கலை. கண்ணு தெரிஞ்ச நாங்க ரெண்டு பேரும் வெறும் கறுப்பைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். அக்காதான் முதல்ல பேசினாங்க. "போய்ச் சேர்ந்துடுச்சா?"ன்னு, ஏதோ சொந்தக்காரங்களை விசாரிக்கிற மாதிரி.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஒரு ஜீவன் தனக்கே தெரியாத தன்னோட முழுப் பலத்துக்குள்ள போய் நின்னுக்கிட்டு, நான் வந்துட்டேன்னு சொல்லுது. நாங்க கேட்டுட்டோம். அண்ணே "முருகா, முருகா"ன்னு அறையைச் சுத்திச் சுத்தி வந்தார். அப்புறம்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுச்சு. அட்டவணையைத் திருத்தின நாள்லேருந்தே அது ஒழுங்காக் கடந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாங்க திட்டத் திட்ட, வாயில்லாம, ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் போய்ப் போய்த்தான் விழுந்திருக்கு.

அந்தப் பக்கத்துல நடக்க வேண்டிய வேலையெல்லாம் அண்ணே தனியா எழுதி, சோதிச்சு வச்சிருந்தார். அதையெல்லாம் இதோட கோர்க்கிறப்ப சின்னச் சின்னத் தொல்லை வந்துச்சு, சமாளிச்சுட்டோம்.

அக்கா ஆபீஸ்ல காட்டுற நாளும் வந்துச்சு. அதிகாரிங்க கையைக் கட்டிக்கிட்டு வரிசையா நின்னாங்க. அக்காவே சுவிட்சைத் தட்டினாங்க. திரை கறுப்பாவே நின்னுச்சு. நிக்குது, நிக்குது. ஒரு அதிகாரிக்குப் பொறுமை போச்சு. "ரோசாக் கா?" கெட்டுப் போச்சான்னு கேட்டுக்கிட்டே கீபோர்டு பக்கம் குனிஞ்சார். அவர் ஷூ சத்தத்தை வச்சே அக்கா கீபோர்டு மேல உள்ளங்கையை விரிச்சு வச்சுட்டாங்க. "சாபார் லா, என்சிக்", பொறுங்க சார் அப்படின்னாங்க. அந்தக் குரல்ல ஒரு அதட்டல் இருந்துச்சு. அவர் நிமிர்ந்துட்டார்.

பீப்.

முதல் கால் வந்துச்சு. ஹெட்போன்ல என் குரல் அவங்க காதுக்குள்ள என்ன சொல்லுச்சோ, வெளியில யாருக்கும் கேட்கலை. எங்களுக்குக் கேட்டதெல்லாம் அக்கா குரல்தான். மலாய்ல ஒருத்தருக்கு வணக்கம், ஆங்கிலத்துல ஒருத்தருக்கு ஒரு நிமிஷம், தமிழ்ல ஒரு பெரியவருக்கு "இருங்கய்யா, இதோ கொடுத்துட்டேன்". விரல் புது போர்டு மேல ஓடுச்சு. காலுக்கு மேல கால் வந்துச்சு, எதையும் விடலை. அந்த அதிகாரி கடைசியில தாங்க முடியாம, குரல் எங்கேன்னு கேட்டார். அக்கா ஹெட்போனைக் கழட்டி நீட்டினாங்க. அவர் காதுல வச்சுக் கேட்டார். ரொம்ப நேரம் கொடுக்காமலே கேட்டுக்கிட்டு நின்னார். அக்கா கையை நீட்டி, "என்சிக், கொடுங்க, லைன் வெயிட் பண்ணுது"ன்னு வாங்கி மாட்டிக்கிட்டாங்க. வேலை போகாதுன்னு யாரும் வாய் விட்டுச் சொல்லலை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமப் போச்சு.

ரிட்டையர் ஆகிற வரைக்கும் அக்கா அங்கேதான் இருந்தாங்க. தம்பி வீட்டுக்குத் தீபாவளிக்குப் போய் விருந்து சாப்பிட்டுட்டு வருவாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர் வந்தாச்சு, எவ்வளவோ வேலை பார்த்தாச்சு. ஆனா அந்த வம்சத்து ப்ராசஸர்ல நான் தொட்டதெல்லாம், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், சுவிட்சைத் தட்டினதும் முதல்ல அந்தப் பழைய சின்ன ஆளாத்தான் கண் முழிச்சிருக்கு, அப்புறம் தானாத்தான் கடந்திருக்கு. அதனாலதான் இன்னைக்கும் திரை கறுப்பா நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல பக்கத்துல யாராவது என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னா எனக்குப் பதில் சொல்ல வாய் வராது. உள்ளே ஒருத்தர் தன்னந்தனியா நடு ரோட்டுல போயிட்டு இருக்காங்க, நாம செய்யக்கூடிய பெரிய உதவி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவங்களை நம்புறதுதான்னு மனசு கைகட்டி நின்னுடும்.